3-ம் வகுப்போடு நின்ற படிப்பு... திருத்தணிக்காக சிறை: யார் இந்த ம.பொ.சி?

கும்மிடிப்பூண்டியில் இருந்து ஸ்ரீசிட்டிக்கு தினமும் ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க ஆரம்பாக்கம் தாண்டி தடா பக்கம் போனா ஆந்திரா வந்துடும். கடை போர்டு தெலுங்குக்கு மாறிடும், வண்டி நம்பர் மாறிடும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் திருத்தணியோ தமிழ்நாட்டுக்குள் இருக்கு. இந்தக் கோடு இன்றைய வடிவத்துக்கு வந்த தேதி 1960 ஏப்ரல் 1.

அந்த தேதிக்குப் பின்னால் ஏழு வருஷப் போராட்டம் இருக்கு. அதில் முன்னால் நின்ற பெயர் ம.பொ.சிவஞானம். சென்னை தி.நகரில் சிலையாக நிற்கும் அந்தப் பெரிய மீசைக்காரர்தான். அவர் யார், என்ன செய்தார், எதில் ஜெயித்தார், எதில் தோற்றார்? சுருக்கமாகப் பார்க்கலாம்.

அச்சுக்கூடத்தில் தொடங்கிய வாழ்க்கை

மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் என்பதன் சுருக்கம்தான் ம.பொ.சி. பிறந்தது 1906 ஜூன் 26, சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள சால்வன்குப்பம். அப்பா பொன்னுசாமி, அம்மா சிவகாமி. வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது.

அதன்பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அவரை மாற்றிய வேலை, அச்சுக் கோர்ப்பது. டாக்டர் வரதராஜுலு நாயுடு நடத்திய 'தமிழ்நாடு' பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரி வரியாக அடுக்கினார். அடுக்க அடுக்கப் படிக்கவும் செய்தார். அவருடைய கல்லூரி அதுதான்னு சொல்லலாம்.

சுதந்திரப் போராட்டம் அவரைக் காங்கிரஸுக்குள் இழுத்தது. பல தடவை சிறைக்குப் போனார். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதானபோது அவரை மத்திய இந்தியாவில் உள்ள அமராவதி சிறைக்கு அனுப்பினார்கள். அந்த வெயிலும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் வயிற்று நோய் வந்தது. அது அவரைக் கடைசி வரை விடவில்லை.

அந்த சிறை நாட்களில்தான் சிலப்பதிகாரத்தை ஆழமாகப் படித்தார். வெளியே வந்ததும் ஊர் ஊராக மேடை போட்டு அதைப் பேசினார். புலவர்களின் மேசையில் இருந்த காப்பியம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. சிலம்புச் செல்வர் என்ற பட்டம் அப்படி வந்ததுதான். 1946-ல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். செங்கோல் என்ற பத்திரிகையையும் நடத்தினார்.

திருத்தணி எப்படி ஆந்திராவுக்குப் போனது?

இதைப் புரிஞ்சுக்க 1911-க்குப் போகணும். அந்த வருஷம் வெள்ளைக்கார அரசு சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்து திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் அதில் சேர்ந்தன. அப்போ எல்லாமே ஒரே சென்னை மாகாணம் என்பதால், எந்த மாவட்டத்தில் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் 1952-ல் தெரிந்தது. தனி ஆந்திர மாநிலம் கேட்டு சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15-ம் தேதி இறந்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. தனி மாநிலம் தர மத்திய அரசு ஒப்புக்கொண்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது. சென்னை யாருக்கு?

சென்னையும் தங்களுக்கே சொந்தம் என்று ஆந்திரத் தலைவர்கள் கேட்டார்கள். தலைநகர் தயாராகும் வரை தற்காலிகமாகவாவது இங்கே இருக்கலாம் என்ற யோசனையும் எழுந்தது. ம.பொ.சி. அதைக் கடுமையாக எதிர்த்து தெருத் தெருவாகக் கூட்டம் போட்டார். முதலமைச்சராக இருந்த ராஜாஜியும் சென்னையை விட்டுத்தர சம்மதிக்கவில்லை. செங்கல்வராயன் மேயராக இருந்த சென்னை மாநகராட்சியும் நகரம் தமிழகத்தோடுதான் இருக்க வேண்டும் என்று நின்றது. 1953 மார்ச் 25-ம் தேதி, புது மாநிலத்தின் தலைநகர் அதன் எல்லைக்குள்ளேயே அமையும் என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சென்னை தப்பியது.

ஆனா சித்தூர் மாவட்டம் அப்படியே முழுசாக ஆந்திராவுக்குப் போனது. அதோடு திருத்தணியும் போனது. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று, தமிழ் பேசும் மக்கள் நிறைந்த ஊர், 1953 அக்டோபர் 1 முதல் பக்கத்து மாநிலம்.

இது வெறும் மேப் பிரச்சினை இல்லை. தாலுகா ஆபீஸில் எந்த மொழியில் மனு எழுதுவது, பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது, கோர்ட்டில் என்ன மொழியில் வாதாடுவது என்று எல்லாமே எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது.

ரயில் மறியலும் இரண்டு உயிர்களும்

இந்தப் போராட்டத்தை ம.பொ.சி. சென்னையில் உட்கார்ந்து தொடங்கவில்லை. அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர் மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர். தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவாக இருந்த ஊர்களில் போய்ப் பாடம் நடத்தியவர். திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகமும் களத்தில் இருந்தார். இவர்களோடு ம.பொ.சி. கைகோர்த்த பிறகு வடக்கெல்லைப் போராட்டம் பெரிய செய்தியானது.

1953-ல் கடையடைப்பு, ஊர்வலம், ரயில் மறியல் என்று திருத்தணி கொதித்தது. தடை உத்தரவை மீறி ம.பொ.சி. சிறைக்குப் போனார். சிறைக்குப் போன தொண்டர்களில் திருவாலங்காடு கோவிந்தசாமி, பழநி மாணிக்கம் இருவரும் உயிரோடு திரும்பவில்லை. இன்றைக்குத் திருத்தணி தமிழ்நாட்டில் இருப்பதைப் பேசும்போது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லணும்.

கட்சிக்குள்ளும் அவருக்கு நெருக்கடி. எல்லைப் பிரச்சினையில் காங்கிரஸ் தலைமைக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1950-களின் நடுவில் காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். கையில் பெரிய கட்சி இல்லை, பணமும் இல்லை.

டிவி இல்லாத காலத்தில் எப்படிப் பேசினார்?

1950-களின் கடைசியில் அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு டிவி வந்துவிட்டது. சென்னைக்கு டிவி வந்ததோ 1975-ல்தான். நம்ம ஊரில் செய்தி என்றால் டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகப் படிக்கும் பேப்பர். இல்லாவிட்டால் ரேடியோ, பொதுக்கூட்டம், சினிமா. ஒரு தாலுகாவின் எல்லைப் பிரச்சினையை மதுரைக்காரரும் கோவைக்காரரும் தன் பிரச்சினையாக நினைக்க வைக்கணும்னா இந்த நாலு வழிதான்.

ம.பொ.சி. வரலாற்றைக் கதையாகச் சொல்லும் வழியை எடுத்தார். தமிழகத்தின் வட எல்லை வேங்கட மலை என்று பழைய இலக்கியங்கள் சொல்வதை மேடையில் எடுத்துவைத்தார். வீரபாண்டிய கட்டபொம்மன் பற்றியும், வ.உ.சிதம்பரனார் பற்றியும் எளிய தமிழில் புத்தகம் எழுதினார். வ.உ.சி.யைக் கப்பலோட்டிய தமிழன் என்று நாம் இன்றைக்கும் சொல்வதற்கு அந்தப் புத்தகம் முக்கியக் காரணம்.

அடுத்து சினிமா. சிவாஜி கணேசன் முதலில் நாடக மேடையில் கட்டபொம்மனாக நடித்தார். பிறகு பி.ஆர்.பந்துலு அதைக் கலர் படமாக எடுத்தார். 1959 மே மாதம் வெளியான அந்தப் படத்தின் பின்னணியில் ம.பொ.சி.யின் வரலாற்று உழைப்பும் இருந்தது. அடுத்த வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய - ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி சிறந்த நடிகர் விருது வாங்கினார். 1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படமும் ம.பொ.சி.யின் புத்தகத்தை வைத்து எடுக்கப்பட்டதுதான். அது அப்போ வசூலில் கைகொடுக்கவில்லை. ஆனா வ.உ.சி. என்றதும் சிவாஜி முகம் ஞாபகம் வராத தமிழர் இன்றைக்கும் குறைவு.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கட்டபொம்மன் தெலுங்கு பேசும் வழியில் வந்த பாளையக்காரர். ஆந்திராவோடு எல்லைக்காகச் சண்டை போட்ட அதே ம.பொ.சி.தான் அவரைத் தமிழ் மண்ணின் வீரராகக் கொண்டாடினார். அப்போது அதை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் கேட்டது தமிழர் வாழும் நிலத்தை. தெலுங்கு பேசுபவர் மீது அவருக்குப் பகை இல்லை.

1960 ஏப்ரல் 1: என்ன கிடைத்தது, என்ன போனது?

இரண்டு மாநிலமும் பேசி முடிக்காததால், எல்லையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எச்.வி.படாஸ்கரிடம் போனது. கிராமத்தை அலகாக எடுத்து, எந்த மொழி பேசுபவர்கள் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவருடைய பரிந்துரையை வைத்து 1959-ல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. அது 1960 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இங்கே முதலமைச்சர் காமராஜர்.

* கிடைத்தது: திருத்தணி, சித்தூர் மாவட்டத்தின் மேலும் சில தமிழ்ப் பகுதிகள்.
* கொடுத்தது: செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதியும், அதை ஒட்டிய கிராமங்களும்.
* கேட்டும் கிடைக்காதது: திருப்பதி, சித்தூர், புத்தூர் நகரங்கள்.

கும்மிடிப்பூண்டி அப்போ பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்த ஊர். சிப்காட் எல்லாம் பின்னாடி வந்தது. அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே ஒரு பக்கம் வெட்டப்பட்டு ஆந்திராவுக்குப் போனது. இன்றைக்கு ஸ்ரீசிட்டி இருப்பது அந்த சத்தியவேடு வட்டாரத்தில்தான். ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கத்தில் நிறைய குடும்பங்களுக்கு எல்லைக்கு இரண்டு புறமும் சொந்தக்காரர்கள் இருப்பதற்கும் இதுதான் காரணம். பொண்ணு கொடுத்த ஊர் ஒரே நாளில் வேறு மாநிலமாகிவிட்டது.

அதனால் ம.பொ.சி.க்கு அது முழு வெற்றி இல்லை. வேங்கடத்தைக் கேட்டவருக்குத் தணிகைதான் கிடைத்தது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது. அதே சமயம், 1953-ல் முடிந்துபோன விஷயம் என்று பலர் விட்டுவிட்டதைத் திரும்பத் திறக்க வைத்தவர் அவர். அவரும் அந்த வட்டார மக்களும் விடாமல் நிற்காவிட்டால் படாஸ்கர் வந்திருக்கவே மாட்டார்.

அதற்குப் பிறகு?

மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி தமிழரசுக் கழகம் தொடர்ந்து போராடியது. 1967 தேர்தலில் தி.மு.க. அணியில் நின்று தி.நகரில் ஜெயித்தார். அதே வருஷம் ஜூலை 18-ல் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது அவரும் அந்த அவையில் உறுப்பினர்.

வள்ளலார் பற்றிய நூலுக்காக 1966-ல் சாகித்ய அகாடமி விருது, 1972-ல் பத்மஸ்ரீ. மூன்றாம் வகுப்பு படித்தவர் சட்டமேலவையின் தலைவராகவும் உட்கார்ந்தார். 1986-ல் மேலவை கலைக்கப்பட்டபோது அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 1995 அக்டோபர் 3-ம் தேதி, 89 வயதில் காலமானார்.

அவர் இறந்த பிறகு, 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. திருத்தணி இப்போ அதில் ஒரு தாலுகா. அங்கே ஒருத்தர் ரேஷன் கார்டுக்குத் தமிழில் மனு எழுதிக் கொடுப்பது இன்றைக்கு சாதாரண விஷயம். அதை சாதாரண விஷயமாக மாற்றத்தான் அந்த ஏழு வருஷமும் தேவைப்பட்டது.