சி. இராஜகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) ஒரு வழக்கறிஞர், எழுத்தாளர், இந்திய விடுதலைப் போராட்ட வீரர், அரசியல்வாதி. இராஜாஜி என்று பரவலாக அழைக்கப்பட்டார். விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பணியாற்றிய ஒரே இந்தியர் இவராவார். 1930ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு இவர் தலைமையில் சென்ற உப்பு நடைப்பயணம் தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றில் முதன்மையான நிகழ்வுகளுள் ஒன்று.

பிறப்பும் கல்வியும்

இராஜாஜி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வேங்கடார்யர் அவ்வூரின் முன்சீப்பாக இருந்தவர், தாய் சிங்காரம்மாள். அக்காலத்தில் ஓசூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டத்துடன் சென்ற இப்பகுதி 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ளது. தொழிற்சாலைகளுக்காகவே இன்று பெரிதும் அறியப்படும் ஓசூரில்தான் இவர் பள்ளிக் கல்வி பயின்றார். பின்னர் எல்லைக்கு அப்பால் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று சட்டப் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்று, நல்ல வருவாய் தந்த தொழிலைக் கைவிட்டுச் சிறை சென்றார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்தே மதுவிலக்குக்கென விமோசனம் என்ற இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் துணை நின்றார்.

வேதாரண்யம் நடைப்பயணம்

காந்தியின் தண்டிப் பயணம் 1930 ஏப்ரல் தொடக்கத்தில் முடிவடைந்தது. அதே மாதம் 13ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, திருச்சிராப்பள்ளியில் மருத்துவர் தி. சே. சௌ. இராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து இராஜாஜி புறப்பட்டார். உடன் சென்ற தொண்டர்கள் ஏறத்தாழ நூறு பேர். இராஜாஜிக்கு அப்போது வயது 51, மெலிந்த உடல். தொலைவு சுமார் 240 கிலோமீட்டர். நாள்தோறும் 16 கிலோமீட்டர் அளவில் நடந்தாக வேண்டும். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இப்பயணத்திற்கென இயற்றிய பாடலைத் தொண்டர்கள் பாடிச் சென்றனர்.

நடப்பதைவிட உணவும் தங்குமிடமும் பெறுவதே பெரும் சிக்கலாக அமைந்தது. பயணம் காவிரிப் படுகை வழியே தஞ்சாவூர் மாவட்டத்திற்குள் சென்றது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் ஜே. ஏ. தோர்ன், தொண்டர்களைக் கைது செய்வதற்குப் பதிலாக வேறொரு வழியைக் கையாண்டார். சட்ட விரோதக் கூட்டத்தினருக்கு இடமளிப்போரைத் தண்டிக்கும் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டி, இவர்களுக்குச் சோறிடுவோரும் திண்ணை தருவோரும் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் பெறுவர் எனத் துண்டறிக்கைகள் வாயிலாக ஊர் ஊராக அறிவித்தார். உணவின்றித் தொண்டர்கள் தாமாகவே கலைந்து விடுவர் என்பது அவரது கணக்கு.

இந்த ஆணை எத்தகைய ஊர்களில் இடப்பட்டது என்பதைக் கருத வேண்டும். இராமேசுவரம் செல்லும் வழிநடைப் பயணிகளுக்கு உணவும் உறைவிடமும் தருவதற்கென்றே தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரங்களைக் கட்டி நிலங்களை எழுதி வைத்த மாவட்டம் அது. வழிப்போக்கனுக்குச் சோறிடுவது அங்கு அறமாகவும் வழக்கமாகவும் இருந்தது. அதுவே குற்றமாக அறிவிக்கப்பட்டது.

மக்கள் ஆணையை நேரடியாக மீறியதும் உண்டு, மறைவாக மீறியதும் உண்டு. பயணிகள் வரும் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டன. தொண்டர்கள் இளைப்பாறும் ஆற்றங்கரைகளில் பெரிய பாத்திரங்களில் உணவு புதைத்து வைக்கப்பட்டு, இடம் மட்டும் குறிப்பால் உணர்த்தப்பட்டது. உணவிட்டவர் யார் என்பதைக் காவலர்கள் கண்டறிய இயலவில்லை. கும்பகோணத்தில் சட்டமன்ற முன்னாள் உறுப்பினர் பந்துலு ஐயர் தம் வீட்டிலேயே வெளிப்படையாக விருந்தளித்தார்; அதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். திருத்துறைப்பூண்டியிலும் உணவளித்தவர் கைது செய்யப்பட்டார். தோர்ன் என்ற பெயர் ஆங்கிலத்தில் முள் என ஒலிப்பதால், இராஜாஜி அதை வைத்து வேடிக்கையாகப் பேசியதுண்டு.

வழியெங்கும் கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியவை பற்றி அவர் பேசினார். வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகச் சென்ற தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரண்யத்தை அடைந்தனர். அங்கு வேதரத்தினம் பிள்ளை அவர்களை வரவேற்றுத் தங்க வைத்தார். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளி அருகே உப்பெடுத்த இராஜாஜி கைது செய்யப்பட்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். வைரப்பன் என்ற நாவிதர், தம்மிடம் முகம் மழிக்க அமர்ந்திருப்பவர் காவலர் எனத் தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்து விட்டார். அவரும் சிறைக்கு அனுப்பப்பட்டார். மாவட்ட மக்களுக்கு அரசின் மீதிருந்த பற்று அகன்று விட்டதைத் தோர்னே மேலிடத்திற்கு எழுதிய அறிக்கையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

பிற்காலம்

1937 முதல் 1939 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்ததும், கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்ததும் இக்காலத்தில் நிகழ்ந்தன. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது கடும் எதிர்ப்பை உண்டாக்கியது. 1948 சூன் முதல் 1950 சனவரி வரை தலைமை ஆளுநராகப் பணியாற்றினார். 1952இல் மீண்டும் முதலமைச்சரானார். 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் குலக்கல்வி எனக் கண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பதவி விலகினார். 1954இல் பாரத ரத்னா விருதும், சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காக 1958இல் சாகித்திய அகாதமி விருதும் பெற்றார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். சென்னையில் தமது 94ஆம் வயதில் காலமானார்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீடு அரசு நினைவு இல்லமாக்கப்பட்டுள்ளது. உப்பெடுத்த இடத்தில் அகத்தியம்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் உள்ளது.