இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்த ஹாரி ரிக்கார்டோ

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறும்போது பழைய கார்கள் சில 'டக் டக்'கென்று இடிக்கும். ஈப்போ பட்டறைகளில் இந்தச் சத்தம் புதிதல்ல. ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். அனுபவசாலிக்கு அதுவே போதும்.

120 ஆண்டுகளுக்கு முன் இந்த இடிக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதன் மூலத்தைத் தேடியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் சர் ஹாரி ரிக்கார்டோ.

1885 ஜனவரி 26-ல் லண்டனில் பிறந்தார். தந்தை கட்டடக் கலைஞர். 1903-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்ற ரிக்கார்டோ, மறு ஆண்டே ஒரு போட்டியில் கலந்துகொண்டார். ஏறக்குறைய ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோலில் யார் அதிக தூரம் ஓடுவது என்பதே போட்டி. தாமே செய்த இன்ஜின் பொருத்திய கனமான மோட்டார் சைக்கிளில் 64 கிலோமீட்டர் ஓட்டி வென்றார்.

இது பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் கண்ணில் பட்டது. மாணவனை ஆய்வுக்கு இழுத்துக்கொண்டார்.

நீராவி இன்ஜினின் அழுத்தத்தைப் பென்சிலால் தாளில் வரையும் கருவி அப்போதே உண்டு. ஆனால் பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விழுந்ததும் அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறும். பென்சில் அதற்கு ஈடு கொடுக்காது. ஹாப்கின்சன் பென்சிலை எடுத்துவிட்டுச் சிறு கண்ணாடி ஒன்றை வைத்தார். அழுத்தம் ஏற ஏறக் கண்ணாடி சாயும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி, அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும். சிலிண்டருக்குள் நடப்பதை வெளியிலிருந்து பார்க்க வழி பிறந்தது.

எரிதல் சீராக இருந்தால் அந்தக் கோடு ஒரு மலைபோல ஏறி இறங்கும். பிஸ்டன் உச்சியைத் தொட்டுச் சற்றுக் கீழே இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் நல்ல இழுவை கிடைக்கும். இடிக்கும் இன்ஜினில் கதை வேறு. தீ பரவிக்கொண்டிருக்கும்போதே, மூலையில் எரியாமல் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அந்த அலை சுத்தியல்போல் சுவரில் அறையும். கரி சூடேறி, தீப்பொறிக்கு முன்பே பற்றவைப்பது வேறு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்த காலம் அது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளின் புகை எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. புகை குறைந்த 150 குதிரைத் திறன் இன்ஜினை ரிக்கார்டோ வடிவமைத்தார். போர் முடியும் தறுவாயில், 1918 ஆகஸ்டில், ஹாப்கின்சன் தாமே ஓட்டிய விமானம் விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

போர்க் காலத்தில் ஷெல் நிறுவனத்திடமிருந்து பல ஊர்ப் பெட்ரோல் மாதிரிகளை வாங்கி ரிக்கார்டோ சோதித்தார். எல்லாவற்றையும் விட அதிக அழுத்தம் தாங்கியது போர்னியோ பெட்ரோல். நம் பக்கத்துச் சரக்கு! கனமாக இருக்கிறது என்று வாங்க ஆளில்லாமல் அதைக் காட்டிலேயே எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் பெட்ரோலை எடை பார்த்துத்தான் மதித்தார்கள்.

1919-ல் ஓடும்போதே அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய இ-35 என்ற ஆய்வு இன்ஜினைக் கட்டினார். ஒவ்வொரு எரிபொருளும் எந்த அளவில் இடிக்கத் தொடங்குகிறது என்று அதில் அளந்தார். பின்னாளில் அமெரிக்கர்கள் வகுத்த ஆக்டேன் எண்ணுக்கு இத்தகைய அளவீடுகளே வழி திறந்தன. பெட்ரோல் நிலையத்தில் நாம் பார்க்கும் ரோன் 95, ரோன் 97 அந்த எண்தான். 97 ஊற்றினால் எந்த வண்டியும் பறக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண் சொல்வது, பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே. 95-க்கென்று செய்த இன்ஜினுக்கு 95 போதும்.

அந்த ஆண்டுகளில் கார்கள் பெருகின. டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. பேராக் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் பால்மரம் வெட்டியது அதற்காகத்தான்.

1948-ல் ரிக்கார்டோவுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1974-ல் கீழே விழுந்து கால் முறிந்தது. ஆறு வாரம் கழித்து, மே 18-ல், 89 வயதில் காலமானார். கண்ணாடியும் ஒளியும் இருந்த இடத்தில் இன்று அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் படிகம் இருக்கிறது. அது தரும் அழுத்தக் கோட்டைக் கணினி படிக்கிறது.