செங்கல்லிலே சிக்கனம் கண்ட லாரி பேக்கர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தது அனுபவத்தின் பேரில்தான். 1970-களில் வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய பெசன்ட் நகரில், அன்று குடிவந்தவர்களின் பிள்ளைகள் இன்று பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது சதுர அடிக்கு என்ன ரேட் என்பதே. எந்த முறையில் கட்டுவது என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. பலருக்கு எழுவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக் காட்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் லாரி பேக்கர்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் 1917-ம் வருஷம் மார்ச் 2-ந் தேதி பேக்கர் பிறந்தார். கட்டடக் கலை பயின்று 1937-ல் பட்டம் பெற்றார். குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அவர் யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மறுத்து, வைத்தியத் தொண்டர் படையில் சேர்ந்து சீனா சென்றார். நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்திக்கும் பாக்கியம் கிட்டியது. கழிவுத் துணியால் தாமே தைத்து அவர் அணிந்திருந்த காலணி மகாத்மாவின் கண்ணில் பட்டது. பேச்சு வளர்ந்தது. ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு வீட்டைக் கட்ட வேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்து அந்த இளைஞரின் மனத்தில் ஆழப் பதிந்தது.

1945-ல் தொழுநோயாளர்களுக்கான ஆஸ்பத்திரிகளைக் கட்டும் பணியை ஏற்றுப் பேக்கர் இந்தியா வந்தார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகட் என்னும் ஊரில் பதினாறு வருஷம் தங்கி நோயாளிகளுக்குத் தொண்டு செய்தனர். இங்கிலாந்தில் படித்த படிப்பு அங்கே உதவவில்லை. கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு மலைவாசிகள் கட்டிய வீடுகளே அவருக்குப் பாடசாலை ஆயின. 1963-ல் தம்பதிகள் கேரளத்து வாகமண் மலைக்கு வந்தனர். பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைத்தனர்.

பேக்கரின் சிக்கனம் கொத்தனாரின் கூலியைக் குறைத்து வந்ததல்ல. கட்டும் முறையில்தான் அவர் கைவைத்தார். சுவரை எடுத்துக் கொள்வோம். சாதாரணமாகச் செங்கல்லைப் படுக்க வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவார்கள். பேக்கர் செங்கல்லைக் குத்தாக நிறுத்தினார். உள்ளே மூன்று அங்குலம், வெளியே மூன்று அங்குலம், நடுவில் மூன்று அங்குலம் வெற்றிடம். எலிப்பொறிக் கட்டு எனப்படும் இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சம், சாந்தும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலின் உக்கிரத்தையும் தணிக்கும்.

அடுத்தது கூரை. கான்கிரீட் தளத்தின் மேல் பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது; கீழ்ப் பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட் பெரும்பாலும் வீண் பாரம். ஆகவே கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, அதன் மேல் கான்கிரீட் போட்டார். தளத்தின் எடை குறைந்தது. எடை குறைந்ததால் கம்பியும் சிமெண்டும் குறைந்தன. ஜன்னலுக்கு மேல் லிண்டலுக்குப் பதிலாகச் செங்கல் வளைவு. காற்று வர மட்டும் வேண்டிய இடத்தில் ஜன்னலே இல்லை, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாலிதான். நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சு எதற்கு என்று அதையும் தவிர்த்தார். ஒவ்வொரு பொருளையும், இது அவசியந்தானா என்று கேட்ட பிறகே கணக்கில் சேர்த்தார்.

இப்படி மிச்சமான பணத்தில் ஒரு பங்கு வேலையாளுக்குச் சென்றது. இம்முறைகளுக்குக் கைத்திறன் அதிகம் வேண்டும். சிமெண்டு ஆலைக்கும் இரும்பாலைக்கும் போகும் பணம் உள்ளூர்க் கொத்தனார் வீட்டில் அடுப்பெரிக்கட்டும் என்பது அவர் எண்ணம். காண்டிராக்டரை நம்பாமல் தாமே மனையில் நின்று வேலை வாங்கினார்.

ஏழையின் வீட்டுக்குத்தான் இது சரி என்று இகழ்ந்தோரும் இருந்தனர். திருவனந்தபுரம் உள்ளூரில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் அதற்குத் தக்க பதிலாயிற்று. முதல்வர் அச்சுத மேனனும் பொருளாதார அறிஞர் கே. என். ராஜும் ஊக்கமளித்தனர். அவ்விருவரோடும் சேர்ந்து 1985-ல் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு உருவாகப் பேக்கர் துணை நின்றார். 1989-ல் இந்தியக் குடியுரிமையும் 1990-ல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன.

பெசன்ட் நகரிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்றால், முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் அவருடைய கைவண்ணத்தைக் காணலாம். எனினும் அவரை அப்படியே காப்பியடிப்பது அவருக்கே உவப்பாயிராது. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு முறை என்பதே அவர் வழி. பெசன்ட் நகரில் கடற்கரை மணல். உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றும். பல மாடி எழுப்புவோருக்குத் தூணும் உத்தரமும் தவிர்க்க முடியாதவை ஆகலாம். ஓரிரு தளத்துடன் நிறுத்துவோர் சுவரே சுமையைத் தாங்குமா என்று மண்ணைச் சோதித்து என்ஜினீயரிடம் கேட்பது நலம். எலிப்பொறிச் சுவரில் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் போகும் வழியை முன்கூட்டியே குறித்துவிடவும் வேண்டும்.

2007-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, தமது தொண்ணூறாவது வயதில், பேக்கர் திருவனந்தபுரத்தில் காலமானார். நாலாஞ்சிறைப் பாறைச் சரிவில் பழைய மரங்களையும் சேர்த்து அவர் தமக்காகக் கட்டிய வீடு, அவர் பிறருக்குச் சொன்னதைத் தாமும் செய்தவர் என்பதற்குச் சாட்சி. வாழ்நாள் சேமிப்பை வீட்டில் போடும் நடுத்தரக் குடும்பத்துக்கு அவர் வாழ்வு தரும் புத்திமதி எளியது. ரேட்டைப் பேசுமுன் முறையைத் தீர்மானியுங்கள். கடனில் பாதி அங்கேயே குறையக்கூடும்.