விண்ணொளி ஆய்ந்த வைணு பாப்பு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் தேர்ந்தோர், சூளைத் தழலின் நிறங்கண்டே அதன் வெம்மையை உணர்வர். அங்ஙனமே ஒளிகண்டு விண்மீன்களின் இயல்பறிந்தவர் வைணு பாப்பு. 1927ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், ஐதராபாத்து வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்த தந்தையாரிடம் இளமையிலேயே வானநூல் ஆர்வம் பெற்றார்.

தம்முடலின் வாயுவைப் புயலென வீசியெறியும் உல்ஃப்-ராயே விண்மீன்களை இவர் விரும்பி ஆராய்ந்தார். பீங்கானுக்குக் களிமண் எவ்வாறோ, அவ்வாறே நெடுந்தொலைவிலுள்ள விண்மீன் திரள்களிலும் புதிய விண்மீன்கள் பிறக்க வாயுவும் தூசுமே மூலப்பொருளாம். மங்கிய ஒளியை ஆராயப் பெருங்கருவி வேண்டுமன்றோ? அதனை நம் நாட்டிலேயே செய்விக்கத் துணிந்த பாப்பு, சவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பெங்களூரில் தேய்த்து மெருகேற்றப்பெற்றது. தொலைநோக்கி முற்றுப்பெறுமுன்னரே, 1982இல் மியூனிக் நகரில் அவர் காலமானார். 1986இல் திறக்கப்பெற்ற அக்கருவிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது.