படிப்புக்காகப் பணி ஏற்ற அண்ணல்

பசியாவரத்தில் இரவு இறால் பிடித்துப் பகலில் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள், அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் இப்பகுதியை அறிதல் வேண்டும்.

பரோடா மன்னரின் உதவித்தொகைக் காலம் முடிவுற்றமையால், 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்பது பல்கலைக்கழகம் அளித்த சலுகை. பரோடாவில் பணி கிடைத்தது. குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. பெயரை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார்.

பம்பாயில் மாணவர்க்குத் தனிப்பாடம் கற்பித்தார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். திங்கள் ஊதியம் 450 ரூபாய். அந்நாளில் அது பெருந்தொகை. ஆயினும் குடும்பம் பரேல் தொழிலாளர் குடியிருப்பிலேயே வாழ்ந்தது. இராமாபாய் அம்மையாரின் சிக்கனத்தை நம்மவர் போதிய அளவு பேசுவதில்லை. நல்ல ஊதியம் வந்ததும் படிப்பை மறப்போர் பலர்; அண்ணலுக்கோ அவ்வேலை அக்கரை சேர்க்கும் தோணியே. 1920 மார்ச்சில் அதனைத் துறந்தார். சேமிப்போடு கோலாப்பூர் சாகு மகாராசாவின் உதவியும், நண்பர் நவல் பதேனா தந்த 5,000 ரூபாய்க் கடனும் சேர, இலண்டன் சென்றார்.

1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார், பாரிஸ்டருமானார். வழக்குரைஞர் தொழிலில் வருவாய் போதாமையால், 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் பகுதிநேர ஆசிரியராக வணிகச் சட்டம் கற்பித்தார்.