போலீஸ் கையில வாக்கி டாக்கி, லாரி டிரைவருக்கு சேனல் 19... யார் இந்த ஆல் கிராஸ்?

திருவிழா கூட்டத்துல போலீஸ்காரர் கையில கரகரன்னு பேசுற வாக்கி டாக்கியைப் பார்த்திருப்பீங்க. பட்டனை அழுத்தினா நாம பேசலாம், விட்டாத்தான் எதிர்முனை கேட்கும். இந்தக் கருவியை சாமானிய மக்கள் கைக்கும் கொண்டுபோகணும்னு பாடுபட்டவர்தான் ஆல் கிராஸ்.

1918-ல் கனடாவின் டொரோண்டோவில் பிறந்தவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளர்ந்தார். 9 வயசுல ஈரி ஏரியில் நீராவிக் கப்பலில் போனபோது, ரேடியோ அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அங்கிருந்த ஆபரேட்டர் அவரை விரட்டவில்லை, கேட்கவிட்டார். அவ்வளவுதான், அந்தப் பைத்தியம் கடைசிவரை விடவில்லை! பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய உதிரிபாகங்களை வைத்து வீட்டு அடித்தளத்தையே ரேடியோ நிலையம் ஆக்கினார். 16 வயதில் ஹாம் ரேடியோ உரிமமும் கிடைத்தது.

1938-ல் கையில் தூக்கிக்கொண்டு போகும் இருவழி ரேடியோவை உருவாக்கினார். இதை முதலில் செய்தவர் கனடாவின் டொனால்ட் ஹிங்ஸ்தான் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கிராஸைத் தேடி வந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்குள் இருந்த உளவாளிகள், மேலே பறக்கும் விமானத்தோடு ரகசியமாகப் பேச ஜோன்-எலினார் என்ற கருவி பயன்பட்டது. கிராஸும் அதில் பங்காற்றினார். அலைவரிசை மிக உயரத்தில் இருந்ததால் எதிரியால் மோப்பம் பிடிக்க முடியவில்லை.

போர் முடிந்ததும் பொதுமக்களுக்கென்று அலைவரிசை ஒதுக்கியது அமெரிக்காவின் எஃப்.சி.சி. அதுதான் சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமா சி.பி. கிராஸ் உடனே கம்பெனி தொடங்கினார். 1948-ல் இந்தச் சேவைக்கு ஒப்புதல் பெற்ற முதல் கருவி அவருடையதுதான். விவசாயிகளும் கடலோரக் காவல்படையும் அதிகம் வாங்கினார்கள்.

சேனல் ரூல்ஸ் என்ன?

1958-ல் சி.பி. 27 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தது. முதலில் 23 சேனல், 1977 முதல் 40. எந்த சேனலும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. சேனல் 9 அவசர உதவிக்கும் பயணிகளுக்கு வழியில் உதவுவதற்கும் மட்டும், இது சட்டம். லாரி டிரைவர்கள் கூடும் சேனல் 19? அது வெறும் பழக்கம்தான், எந்தச் சட்டமும் சொல்லவில்லை! 1973 எண்ணெய் நெருக்கடியில் எந்த பங்க்ல டீசல் இருக்கு, எங்கே போலீஸ் நிக்குதுன்னு டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டது இப்படித்தான். சாதாரண ஏ.எம். முறையில் பவர் 4 வாட்டுக்கு மேல் கூடாது. ஆம்ப்ளிஃபயர் போட்டு ஏற்றவும் கூடாது. பாட்டு போடக் கூடாது. 5 நிமிஷம் தொடர்ந்து பேசினா 1 நிமிஷம் சும்மா இருக்கணும், மத்தவங்களும் பேசணும் இல்லையா?

பணம் ஏன் வரலை?

1949-ல் பேஜரையும் உருவாக்கினார் கிராஸ். டாக்டர்களிடம் கொண்டுபோனால் வேண்டாம் என்றார்கள். நோயாளிகளுக்குத் தொந்தரவாம்; கூடவே, கோல்ஃப் ஆட்டம் கெட்டுப்போகுமாம்! பிறகு அதே பேஜர் டாக்டர்களின் இடுப்பில் தொங்கியது தனிக்கதை. டிக் டிரேசி காமிக்ஸில் வரும் ரேடியோ வாட்சுக்கும் கிராஸின் பட்டறையில் பார்த்த கருவிதான் தூண்டுதல்.

ஆனால் காலம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அவருடைய முக்கியக் காப்புரிமைகள் 1971-லேயே காலாவதி ஆகிவிட்டன. சி.பி. மோகம் அமெரிக்காவை ஆட்டிப்படைத்தது அதற்குப் பிறகுதான். செல்போன் சந்தை இன்னும் தாமதமாக வந்தது. கோடிகளைக் குவித்தது வேறு கம்பெனிகள். கிராஸ் மாதச் சம்பளத்துக்கு இன்ஜினியர் வேலை பார்த்தார், 80 வயதைத் தாண்டியும்!

2000-ம் ஆண்டு வாழ்நாள் சாதனைக்கான லெமல்சன்-எம்.ஐ.டி. விருது தேடி வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 21-ம் தேதி அரிசோனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 82.