பாலத்தில் விரிசலா? காட்டிக்கொடுக்கும் 200 ஆண்டு பழைய கணக்கு... யார் இந்த ஃபூரியர்?

மண்பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்போம். கீறல் இருந்தால் சத்தத்திலேயே தெரிஞ்சிடும். பாலங்களையும் இன்று கிட்டத்தட்ட இப்படித்தான் சோதிக்கிறார்கள். பானைக்கு நம்ம காது போதும். பாலத்துக்கு ஒரு கணக்கு வேணும். அதைத் தந்தவர், 1830-ல் இறந்த பிரெஞ்சுக்காரர் ஜோசப் ஃபூரியர்.

தையல்காரர் மகன்

1768-ல் பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். உள்ளூர் ராணுவப் பள்ளியில் படித்தபோதுதான் கணிதத்தில் ஆர்வம் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் ஈடுபட்டு 1794-ல் கைதானார். ரோபெஸ்பியர் வீழ்ந்த பிறகு விடுதலையானார்.

1798-ல் நெப்போலியனுடன் எகிப்து போனார். திரும்பி வந்ததும் இசேர் மாவட்ட நிர்வாகி பதவி கிடைத்தது. நம்ம ஊர் கலெக்டர் மாதிரி. சதுப்பு நிலத்தை வடியவைப்பது, சாலை போடுவது எனப் பகலெல்லாம் வேலை. இதற்கு நடுவேதான் வெப்பம் பற்றிய ஆராய்ச்சி.

15 ஆண்டு இழுபறி

பொருட்களில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று 1807-ல் ஆய்வறிக்கை கொடுத்தார். எவ்வளவு சிக்கலான வடிவத்தையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதுதான் அதன் சாரம். பெரிய கணித மேதையான லக்ராஞ்ச் இதை ஏற்கவில்லை. பிறகு பரிசு கொடுத்தார்கள். ஆனா, நிரூபணம் போதாதுன்னு குறையும் சொன்னார்கள். 1822-ல்தான் புத்தகமாக வந்தது.

பாலத்துக்கு என்ன சம்பந்தம்?

லாரி போனாலும் காற்றடித்தாலும் பாலம் லேசாக அதிரும். அதில் பொருத்திய சென்சார் பதிவு செய்வது வெறும் கிறுக்கல் போலத்தான் இருக்கும். ஃபூரியர் முறை அந்தக் கிறுக்கலைத் தனித்தனி அலைகளாகப் பிரிக்கிறது. 1965-ல் கூலி, டியூக்கி ஆகியோர் வெளியிட்ட வேகமான வழிமுறையால், கணினி இதை நொடியில் செய்துவிடுகிறது.

ஒவ்வொரு பாலத்துக்கும் சொந்த அதிர்வெண்கள் உண்டு. விரிசல் விழுந்தாலோ, தூணின் அடிமண் அரித்தாலோ பாலத்தின் விறைப்பு குறையும். தளர்ந்த வீணைக் கம்பி மாதிரி அதிர்வெண்ணும் இறங்கும்.

ஒரு சிக்கல் இருக்கு

சுவிட்சர்லாந்தில் இசட்-24 என்ற பாலத்தை 1998-ல் இடிப்பதற்கு முன் பல மாதங்கள் கண்காணித்தார்கள். உறையும் குளிரில் மேலிருந்த தார்ச்சாலை இறுகி, அதிர்வெண் ஏறியது. அதாவது, பாலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலேயே வெப்பநிலையால் மட்டும் கணக்கு மாறும். சின்னச் சேதம் இதில் மறைந்துபோகலாம்.

அதனால் ஒரு நாள் அளவை மட்டும் வைத்துப் பாலம் பத்திரம்னு சொல்லிட முடியாது. அதிர்வோடு வெப்பநிலையையும் மாதக்கணக்கில் பதிவு செய்து ஒப்பிடணும். சந்தேகம் வந்தால் பொறியாளர் நேரில் போய்ப் பார்க்கணும்.

ஃபூரியர் ஆராயத் தொடங்கியது வெப்பத்தை. அவர் கணக்கை வைத்துப் பாலத்தைச் சோதிப்பவர்களுக்கு இன்றும் பெரிய தலைவலி அதே வெப்பம்தான்.